யார் ஆட்சி? யார் சட்டம்?



ஓர் ஊரை ஒரு நாடு ஆளுது. ஆனால் சட்டப்படி அந்த ஊர் வேறொரு நாட்டுக்குச் சொந்தம். இப்படியும் நடக்குமா? நடந்திருக்கிறது. நம்ம இராமநாதபுரம் கரையோடு வடக்கே போனால் வருகிற காரைக்காலும், அதைத் தாண்டியுள்ள புதுச்சேரியும் எட்டு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தன.

சுதந்திர நகரம்

பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்களில் ஒன்று வங்காளத்துச் சந்திரநாகூர். 1947-ல் அதற்குச் 'சுதந்திர நகரம்' என்ற தகுதியை பிரான்ஸ் கொடுத்தது. நகர நிர்வாகம் ஊர்க்காரர் கையில், மேலுரிமை பிரான்சிடம். இந்த அரைகுறை ஏற்பாடு நிலைக்கவில்லை. 1949-ல் மக்கள் இந்தியாவோடு சேரவே ஓட்டுப் போட்டார்கள்.

எட்டு ஆண்டு இடைவெளி

புதுச்சேரியின் கதை வேறு. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் கூடிய பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தனர். நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. கொடியும் மாறியது. ஆனால் உரிமை மாறவில்லை. ஒப்பந்தம் 1956-ல் கையெழுத்தானாலும், அல்ஜீரியப் போர் முடிந்த பிறகு 1962-ல்தான் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16-ல் முழுச் சட்டமானது.

இதனால் சாமானியனுக்கு என்ன கஷ்டம் என்கிறீர்களா? புதுச்சேரி பஸ் பெர்மிட் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. "புதுச்சேரி இன்னும் இந்திய ஆட்சிப்பரப்பு அல்ல" என்று 1961-ல் நீதிமன்றம் முடிவு செய்தது. பெர்மிட் பிரச்சினை அங்கேயே நின்றுபோனது!

ஒரு நல்லதும் உண்டு. யார் எந்த நாட்டுக் குடிமகன் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

நமக்கு என்ன பாடம்?

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா கடல் தொழில். 1974 ஒப்பந்தம் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்டது. அந்தக் கோடு தண்ணீரில் தெரியாது, காகிதத்தில்தான் இருக்கிறது. மண்டபம் முகாமில் பிறந்து வளர்ந்த நம் வயதுப் பிள்ளைகள் பலருக்கு இன்றும் குடியுரிமைக் காகிதம் இல்லை.

ஆகவே நண்பர்களே, எந்த ஊர்ப் பிரச்சினையைப் படித்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். ஆள்வது யார்? சட்டம் யாருடையது? அங்கே வாழ்கிறவன் எந்த நாட்டுக் குடிமகன்? மூன்றுக்கும் ஒரே பதில் வராத இடத்தில் முதலில் அடிபடுவது ஏழைதான். படித்த நாம்தான் அந்தக் காகிதத்தைப் படித்து அவனுக்குச் சொல்ல வேண்டும்.

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்