ஆங்கில வினைப் பயன்பாட்டில் தமிழ் மாணவர் பிழைகள்: தாய்மொழித் தாக்கமும் அதன் எல்லையும்

முன்னுரை

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் தமிழ் மாணவர் வினைச்சொற்களில் செய்யும் பிழைகளைத் 'தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதுவதன் விளைவு' என ஒரே காரணத்துள் அடக்கும் போக்கு உண்டு. இருமொழி அமைப்புகளை ஒப்பிட்டுக் கற்பவரின் இடர்ப்பாடுகளை முன்னுணரலாம் என ராபர்ட் லேடோ 1957இல் கருதினார். பிழை என்பது கற்பவருள் உருவாகிவரும் மொழி விதிகளுக்குச் சான்று என்பது 1967இல் பிட் கார்டர் முன்வைத்த கருத்து. இவ்விரு நோக்குகளின் துணையுடன் நான்கு பிழைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழ் அமைப்பின் வழிவரும் பிழைகள்

'மூன்று ஆண்டுகளாக இங்குப் படிக்கிறேன்' என்னும் தொடரில் காலநீட்சியை 'ஆக' என்பதே உணர்த்திவிடுகிறது. வினை நிகழ்காலத்தில் நின்றால் போதும். இதனை அடியொற்றி மாணவர் 'ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என எழுதுகின்றார். ஆங்கிலமோ முன்னர்த் தொடங்கி இன்றுவரை நீளும் செயலுக்கு 'ஹாவ் பீன் ஸ்டடியிங்' என்னும் வடிவத்தை வேண்டுகிறது.

'அவர் நேற்றே வந்திருக்கிறார்' என்பது தமிழில் இயல்பான தொடர். வினையெச்சத்துடன் 'இரு' என்னும் துணைவினை சேர்ந்த வடிவம் 'நேற்று' என்னும் சொல்லோடு முரண்படுவதில்லை. ஆனால், 'ஹீ ஹாஸ் கம் யெஸ்டர்டே' என்பது ஆங்கிலத்தில் வழுவாகும். முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொல் வருமிடத்து 'கேம்' என்னும் இறந்தகால வடிவமே பொருந்தும்.

தமிழால் விளக்கவியலாத பிழைகள்

'ஹீ டிட் நாட் வென்ட்' என்னும் பிழையின் தன்மை வேறு. 'அவன் போகவில்லை' என்பதில் 'போக' என்னும் எச்சம் காலம் காட்டுவதில்லை. தமிழைப் பின்பற்றியிருப்பின் மாணவர் 'கோ' என்றே எழுதியிருத்தல் வேண்டும். 'டிட்' காலத்தைக் காட்டிய பின்னரும் முதன்மை வினையில் மீண்டும் காலத்தைக் காட்டும் இவ்விரட்டிப்பு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளின் பேச்சிலும் காணப்படுகிறது.

'ஷீ கோ டு ஸ்கூல்' என்பதும் இத்தகையதே. போகிறாள், போகிறார்கள் எனத் தமிழ் வினைமுற்று பால், எண், இடம் காட்டும் விகுதி பெறுவதால், எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இயைபு தமிழ் மாணவருக்குப் புதிதன்று. ஆங்கிலத்தில் 'கோ' போன்ற வினைகள் நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டுமே விகுதி பெறுகின்றன. ஏனைய இடங்களில் வரும் விகுதியற்ற வடிவத்தை மாணவர் எல்லா இடத்திற்கும் பொதுவாக்குவதாகக் கொள்ளலாம்.

முடிவுரை

முதல்வகைப் பிழைகளைக் களைய இருமொழித் தொடர்களையும் அருகருகே வைத்து வேறுபாட்டை விளக்குதல் பயன்தரும். இரண்டாம் வகைக்கு ஆங்கில விதியில் தொடர்பயிற்சி வேண்டும். அங்கு 'போகவில்லை' போன்ற தமிழ் வடிவங்களே விளக்கத்திற்குத் துணையாகும். எல்லாப் பிழைக்கும் தாய்மொழியைக் காரணமாக்குவது தமிழ்வழி பயின்ற மாணவரைத் தம் மொழியையே தடையாகக் கருதச் செய்யும், பிழையும் திருந்தாது. எனவே, பிழையைத் திருத்துமுன் அதன் மூலத்தைப் பிரித்தறிதல் ஆசிரியரின் முதற்கடமையாகிறது.