மென்பொருட் பணியில் முன்னாய்வுத் தொகுப்பின் பயன்

ஒரு பொருள் குறித்து முன்னர் நிகழ்ந்த ஆய்வுகளை வரையறுத்த நெறிப்படி தேடி, தகுதி நோக்கித் தெரிந்து, அவற்றின் முடிவுகளை ஒருங்கே வைத்து எடைபோடுதலே முறைசார் முன்னாய்வுத் தொகுப்பு எனப்படும். ஆங்கிலத்தார் இதனை 'இலக்கிய மீளாய்வு' என்று பொருள்படும் தொடரால் குறிப்பர். அதனை அப்படியே பெயர்த்தால் நம் மாணவர் கம்பரையும் இளங்கோவையும் தேடத் தொடங்கிவிடுவர்!

எம்.ஃபில். ஆய்வேட்டில் நாம் எழுதிய 'முன்னாய்வுகள்' என்னும் பகுதியும் இதுவும் ஒன்றல்ல. நாம் கைக்கெட்டியவற்றைக் குறித்தோம். நம் கருத்துக்கு மாறானவற்றைக் காணாதார்போல் கடந்ததும் உண்டு. இம்முறையிலோ எதனைத் தேடுவது, எங்குத் தேடுவது, எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பனவற்றை முன்னரே எழுதிவைத்தல் வேண்டும்.

மருத்துவத்துறையில் வேரூன்றிய இந்நெறியை மென்பொருட் பொறியியலுக்கும் கொணர வேண்டுமென 2004இல் பார்பரா கிட்சனாம், டிபோ, யோர்கென்சன் ஆகிய மூவரும் வலியுறுத்தினர். மருந்தைத் தேரும் மருத்துவர் சான்று நோக்குதல் போல, நிரல் எழுதும் முறையைத் தேர்வோரும் சான்று நோக்க வேண்டும் என்பது அவர்தம் கருத்து.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இருவர் ஒரே கணிப்பொறியின்முன் அமர்ந்து, ஒருவர் நிரல் எழுத மற்றவர் உடனிருந்து பிழை நோக்கும் முறை ஒன்றுண்டு. பிழை குறையும் என்பர் ஒரு சாரார். ஒரு வேலைக்கு இரு ஊதியமா என்பர் மறுசாரார். 2009இல் ஹன்னே முதலானோர் இதுபற்றிய 18 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். பணி எளிதாயின் இருவர் விரைவில் முடித்தனர், ஆயின் தரம் தாழ்ந்தது. பணி கடினமாயின் தரம் உயர்ந்தது, ஆயின் உழைப்பு பெரிதும் மிகுந்தது. நன்றா தீதா என்று வழக்காடியோர் இருசாராருமே 'எப்பணிக்கு?' என்னும் வினாவை மறந்திருந்தனர். சாதகமான முடிவுகளே மிகுதியும் அச்சேறியிருக்கக்கூடும் என்ற ஐயத்தையும் அவ்வாய்வாளர் மறைக்கவில்லை. இந்த நேர்மையே இம்முறையின் சிறப்பு என்பது என் துணிபு. நாளை நம் மாணவர் ஒருவர் பணிபுரியும் நிறுவனத்தில் இம்முறையைப் பின்பற்றச் சொன்னால், அவர் கேட்கவேண்டிய முதல் வினா இங்கே கிடைக்கிறது.

சான்றின் வறுமையையும் இத்தொகுப்புகள் காட்டிக்கொடுத்தன. 'அஜைல்' எனப்படும் விரைவுமுறை பற்றி டிபோ, டிங்சோயர் இருவரும் 2008இல் வெளியிட்ட தொகுப்பில், தேடிக் கண்டவை 1996. நேரடிச் சோதனையும் அனுபவமும் சார்ந்தவையாகத் தேறியவை 36 மட்டுமே! உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த ஒரு முறைக்கு இருந்த அடித்தளம் இவ்வளவே.

இனிக் குறையையும் கூறல் வேண்டும். 2011இல் பிரேசில் நாட்டு டா சில்வா முதலானோர், இத்தகைய தொகுப்புகளையே தொகுத்து ஆராய்ந்தபோது, தொழிலில் ஈடுபட்டோர்க்கு வழிகாட்டும் குறிப்புகள் பலவற்றில் இல்லை என்று கண்டனர். நிரல் எழுதுவோர்க்காகத் தொடங்கிய முயற்சி, ஆய்வாளர் ஆய்வாளர்க்கே எழுதிக்கொள்ளும் மடலாகிவிட்டது. நீண்ட தொகுப்பைப் படிக்க நிறுவனத்தாருக்குப் பொழுதில்லை. பொழுதுள்ள நமக்கோ நிரல் எழுதும் வேலையில்லை.