கடற்கோளைப் பற்றிய ஒப்படை: காயத்தைக் கிளறாமல் கற்பிப்போம்

சில ஆண்டுகளுக்கு முன் கரையோரப் பாடசாலை ஒன்றின் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். 2004ஆம் ஆண்டுக் கடற்கோள் பற்றித் தரம் 9 மாணவர் ஒரு செயற்றிட்டம் செய்திருந்தனர். உழைப்பில் குறைவில்லை. கரையும் வாடிகளும் வீடுகளும் அழகாக அமைக்கப்பட்டிருந்தன. ஆனால் நடுவிலே, வரிசையாகக் கிடத்தப்பட்ட சிறுவர்களின் உடல்களைக் காட்டும் பெரிய படமொன்று ஒட்டப்பட்டிருந்தது.

பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த அம்மா ஒருவர் அதன் முன்னால் நின்றார். ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருடைய இரு பிள்ளைகளைக் கடல் கொண்டுபோனதை ஊரார் அறிவர். நானும் அறிவேன். ஆனாலும் அந்தப் படத்தை முதலில் கண்டபோது கழற்றச் சொல்லாமல், பிள்ளைகளைப் பாராட்டிவிட்டு நகர்ந்தவன் நான்.

அந்த மாணவரிடம் குற்றமில்லை. அவர்கள் பிறக்குமுன் நடந்தது அது. அவர்களுக்கு அது பாடம். அந்த அம்மாவுக்கோ அது வீடு. இவ்விரண்டையும் இணைக்க வேண்டியவர்கள் ஆசிரியர்களும் எம்போன்ற பெரியவர்களுமே. அதற்கு உதவக்கூடிய சில படிகளைக் கீழே தருகிறேன்.

1. உண்மை சரியாக இருக்கட்டும்

துயர நிகழ்வில் பிழையான தகவல் தருவதும் இறந்தோரை அவமதிப்பதே. 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவிலான பூமியதிர்ச்சி ஏற்பட்டது. இந்தியத் தகடு பர்மாத் தகட்டின் கீழ் அமிழும் இடத்தில் கடலின் அடித்தளம் திடீரென உயர்ந்து, மேலிருந்த நீர் முழுவதையும் தள்ளியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலைகள் எமது கிழக்குக் கரையை அடைந்தன. அந்த இரண்டு மணி நேரமும் மக்களுக்கு எச்சரிக்கை கிடைக்கவில்லை. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை முறை அப்போது இருக்கவில்லை. இதனையும் மாணவர் எழுதவேண்டும். அலை இயற்கையின் செயல். எச்சரிக்கை இல்லாமற்போனது மனிதரின் குறை.

2. எண்ணிக்கையோடு நின்றுவிட வேண்டாம்

இலங்கையில் இறந்தோரும் காணாமற்போனோருமாக 35,000க்கும் மேற்பட்டோர். அம்பாறை மாவட்டமே கூடுதலான உயிர்களை இழந்தது. தெற்கே பெரலியவில் அலையில் சிக்கிய புகையிரதத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று கடல் பார்க்கவில்லை. எமது சுவரொட்டியும் பார்க்கலாகாது. தன் ஊரின் இழப்பை எழுதும் மாணவன் இன்னோர் ஊரின் இழப்பையும் ஒரு பந்தியிலாவது எழுதட்டும்.

3. கேட்குமுன் அனுமதி கேளுங்கள்

தப்பியவர்களைச் சந்திக்க மாணவரை அனுப்புவது நல்ல பயிற்சி. ஆனால் கொப்பியும் பேனையுமாகத் திடீரென வாசலில் போய் நிற்கக்கூடாது. முதல்நாள் ஆசிரியர் சென்று விளக்கவேண்டும். “விருப்பமில்லாவிட்டால் சொல்லத் தேவையில்லை” என்பதை வெளிப்படையாகவே சொல்லவேண்டும். “எத்தனை பேர் செத்தவை?” என்பதல்ல முதற்கேள்வி. “அப்போது இந்த ஊர் எப்படி இருந்தது அம்மா?” என்று தொடங்கலாம். அவர் விரும்பிய தூரம் வரை அவரே போவார். அழுதால் எழுதுவதை நிறுத்தி அருகில் இருக்கவேண்டும். எழுதி முடித்ததைக் காட்சிக்கு வைக்குமுன் அவருக்கே வாசித்துக் காட்டவேண்டும். அவர் வேண்டாம் என்ற பகுதியை எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் நீக்கவேண்டும்.

4. உடல்களின் படங்கள் வேண்டாம்

தன் பிள்ளையை அப்படி உலகம் பார்க்கவேண்டும் என்று எந்தத் தாயும் விரும்பமாட்டாள். கரையில் கிடந்த தோணியின் படம், நீர் உயர்ந்த மட்டத்தைக் காட்டும் கோடு, மாணவரே வரைந்த ஊர்ப்படம் ஆகியவை போதும். உயிரோடிருந்த காலத்துப் படமொன்றைக் குடும்பத்தவர் தாமாக விரும்பித் தந்தால் மரியாதையோடு வையுங்கள். பெரிய அலையைப் பொம்மையாகச் செய்து ஆட்டுவது, ஓடி விழுந்து நடிப்பது முதலியவற்றையும் தவிர்ப்போம்.

5. வகுப்பிலேயே ஒரு பிள்ளை இருக்கலாம்

தாயின் முதற் குடும்பம் கடலோடு போனபின் பிறந்த பிள்ளையாக இருக்கலாம். கடற்கோளிலும் பின்னர் போரிலும் இழந்த குடும்பத்துப் பிள்ளையாக இருக்கலாம். எனவே தலைப்பை அறிவிக்குமுன் ஆசிரியர் வகுப்பை அறிந்துகொள்ளவேண்டும். வேறு தலைப்பைத் தெரிவுசெய்யும் வாய்ப்பைக் காரணம் கேட்காமலே எல்லோருக்கும் கொடுக்கவேண்டும். அப்போது எந்தப் பிள்ளையும் தனித்துத் தெரியமாட்டாது. கண்காட்சியின் வாசலிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி வையுங்கள்.

6. எதைக் கையளிக்கிறோம்?

சுமாத்திராவுக்கு அருகே சிமெலுவே என்றொரு தீவு உண்டு. 1907இல் அங்கு கடற்கோள் வந்து பலரைக் கொன்றது. அந்த நினைவை மக்கள் “ஸ்மொங்” என்ற சொல்லில் அடக்கி, கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் பலமாக அதிர்ந்து, பின் கடல் வற்றினால் மலைக்கு ஓடு என்பதே அதன் சாரம். 2004இல் அதிர்ச்சியின் மையத்துக்கு மிக அருகிலிருந்தும், 70,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் 7 பேரே.

அந்தப் பாட்டிமார் பயங்கரத்தை வருணித்துக்கொண்டிருக்கவில்லை. என்ன செய்யவேண்டும் என்பதைக் கொடுத்துச் சென்றனர். எமது ஒப்படையும் அதையே செய்யவேண்டும். எமது கரை சுமாத்திராவுக்குத் தொலைவில் இருப்பதால் அதிர்ச்சியை நாம் உணராமலும் இருக்கலாம். கடல் எல்லா இடத்திலும் முதலில் வற்றும் என்றும் நம்பக்கூடாது. முதல் அலையே பெரியது என்றும் எண்ணலாகாது. ஆகவே எச்சரிக்கை ஊருக்கு எப்படி வரும், மேட்டுநிலம் எங்கே, முதியோரை யார் கூட்டிச் செல்வது என்பவற்றை மாணவர் ஊர்ப்படத்தில் குறிக்கட்டும். படம் நின்ற இடத்தில் இந்த ஊர்ப்படம் நின்றிருந்தால், அந்த அம்மா தன் பேரப்பிள்ளைக்கு அதைக் காட்டியிருப்பார்.

ஆசிரியர் கலந்துரையாடலுக்கு

அ. எமது ஊரில் இத்துயரைப் பற்றிப் பேச விரும்புவோர் யார், விரும்பாதோர் யார்? அதை எப்படி அறிவோம்?

ஆ. சென்ற கண்காட்சியில் வைத்தவற்றுள் இழந்தவர் ஒருவர் முன் காட்டத் தயங்குவது எது?

இ. டிசெம்பர் 26இல் காலை 9.25க்கு நாடு இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும்போது, அதன் பொருளை எமது பிள்ளைகள் அறிவார்களா?