நூற்றவர் யார்?

நுழையும்முன்

அரசாண்டோரையும் போர் புரிந்தோரையும் வரலாறு பெயர்சொல்லிப் போற்றுகிறது. உழைப்பால் ஊரை வளர்த்த பெண்களை எங்கே தேடுவது? கொங்கு நாட்டின் பருத்தி நூல் அதற்கு வழிகாட்டுகிறது.

பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் இடையே அமைந்தது பொங்கலூர். திருப்பூர் மாவட்டத்தின் இத்தகைய ஊர்களிலிருந்து பெண்கள் நாள்தோறும் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். ஆடையைத் தைத்தல், பிசிறு வெட்டுதல், குறைகளைச் சரிபார்த்தல், மடித்துப் பெட்டியில் அடுக்குதல் ஆகிய பணிகளில் அவர்களின் உழைப்பு மிகுதி. ஏற்றுமதியாகும் ஆடையில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். தைத்தவர் பெயர் இராது. இந்நிலை இன்று தோன்றியதன்று.

நொய்யல் கரையில் உள்ள கொடுமணல், சங்ககாலத் தொழில் நகரம். அங்கு நிகழ்ந்த அகழாய்வில் தமிழி எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகளும், நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்தன. ஓடுகள் பெயர்களைச் சொல்கின்றன. நூற்றவர் யாரெனத் தக்களி சொல்வதில்லை. அக்குறையை இலக்கியம் ஓரளவு நீக்குகிறது. புறநானூறும் நற்றிணையும் நூற்றலைப் பெண்டிர் தொழிலாகக் காட்டுகின்றன. கணவன் துணையற்ற பெண்டிர் நூற்றதாக நற்றிணை கூறுவதால், அது அவர்களின் வாழ்வாதாரமாக இருந்தமை புலனாகிறது.

20ஆம் நூற்றாண்டில் திருப்பூர் கதர் உற்பத்தியில் சிறந்து விளங்கியது. 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கம் தோன்றியது. இராட்டையில் நூற்றோருள் பெரும்பாலோர் சிற்றூர்ப் பெண்களே. நூற்றல் ஓய்வுநேர வேலையாகக் கருதப்பட்டதால் கூலி மிகக் குறைவாக இருந்தது. 8 மணிநேர உழைப்புக்கு 8 அணா கிடைக்கவேண்டும் எனக் காந்தியடிகள் 1935இல் வலியுறுத்தினார். கதரின் விலை உயர்ந்து விற்பனை குறையும் என்று அஞ்சியோரும் இருந்தனர். ஆயினும், கூலியை உயர்த்தச் சங்கம் முடிவு செய்தது.

விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்ற திருப்பூர் பத்மாவதி ஆஷரின் பெயரை வரலாறு அறியும். அதே காலத்தில் கதருக்கு நூல் தந்த பெண்களுள் மிகப் பலரின் பெயர்களை அது அறியாது. இது வெறும் புகழ் பற்றிய செய்தியன்று. பங்களிப்பாக ஏற்கப்படாத உழைப்புக்கு உரிய கூலியும் கிடைப்பதில்லை. ஒரே தன்மையுள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்பதைச் சம ஊதியச் சட்டம் 1976இல்தான் உறுதிசெய்தது.

மகளிர் வரலாற்றைக் கற்பது, சில பெயர்களை மனப்பாடம் செய்வதோடு முடிவதன்று. ஒவ்வொரு பொருளையும் கண்டு, ‘இதைச் செய்தவர் யார்? அவர் பெற்றது என்ன?’ என வினவுவதில் அது தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நூற்பு, நெசவு, தையல் ஆகியவற்றில் ஈடுபட்ட மூத்த பெண் ஒருவரிடம் அவரது இசைவு பெற்று உரையாடி, வேலை, நேரம், கூலி ஆகியவற்றைத் தொகுத்து எழுதுக.
2. அகழாய்வுப் பொருளும் இலக்கியமும் ஒன்றற்கொன்று துணைநிற்பதைக் கொடுமணல் கொண்டு விளக்குக.