கடலை உடைக்கும் இயந்திரமும் 20 மி.மீ. ஷாஃப்ட்டும்: மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவருக்கு ஒரு கடிதம்

மெக்கானிக்கல் பொறியியலின் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில்தான், மாணவர் அதுவரை தனித்தனித் தாள்களாக எழுதிய பாடங்கள் முதன்முறையாக ஒரே இரும்பின் மீது சேர்கின்றன. பொருள் வலிமை, இயந்திர உறுப்பு வடிவமைப்பு, உற்பத்தி முறை, ட்ராயிங் எல்லாம் ஒரே சமயத்தில் விடை கேட்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளில் இது கடைசி செமஸ்டரின் வேலை. சிலர் சேர்ந்து ஒரு பேட்ச், மேற்பார்க்க ஒரு கைடு, இடையிடையே ரிவ்யூ, முடிவில் வைவா. காலம் குறைவு என்பதால் தலைப்பைத் தேர்வதில் அவசரம் நுழைகிறது. செய்து முடித்த இயந்திரத்தை அறிக்கையோடு சேர்த்து விற்கும் கடைகளும் இந்த அவசரத்தை நம்பியே நடக்கின்றன. அப்படி வாங்கும் மாணவருக்கு மதிப்பெண் கிடைத்துவிடலாம். ஆனால் ஒரு முடிவை எடுத்து, அது தவறாகிப்போவதைப் பார்த்து, திருத்தும் வாய்ப்பு அவருக்குக் கிடைப்பதில்லை. வேலைக்குப் போன பின் அந்த வாய்ப்பின் விலை மிக அதிகம்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வரும் தலைப்புகளில் ஒன்று நிலக்கடலை உடைக்கும் இயந்திரம். பழைய தலைப்பு என்று ஒதுக்கத் தேவையில்லை. மோட்டார், பெல்ட், ஷாஃப்ட், பேரிங், உருளை, சல்லடை என மாணவர் கணக்கிட வேண்டிய எல்லா உறுப்பும் இதில் உண்டு. செய்து பார்க்க ஒரு சிறு பட்டறை போதும். சோதிக்கத் தேவையான கடலை திண்டிவனத்திலும் விருத்தாசலத்திலும் திருவண்ணாமலையிலும் சந்தையில் கிடைக்கிறது.

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இயந்திரத்தைப் பற்றியதே அன்று. உடைத்த பருப்பு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. எண்ணெய் ஆட்டும் செக்குக்குப் போவதானால் பருப்பு இரண்டாகப் பிளந்தாலும் பெரிய இழப்பில்லை. மணிக்கு எத்தனை கிலோ உடைகிறது என்பதே முக்கியம். விதைக்குப் போவதானால் கணக்கு தலைகீழாகிறது. கடலைப் பருப்பின் முளைக்கரு அதன் ஒரு நுனியில் இருக்கிறது. அந்த நுனி லேசாக நசுங்கினாலும் விதை முளைக்காது. செந்தோல் உரிந்த பருப்பு சேமிப்பில் கெடும். விதைக் கடலையை இன்றும் பெண்கள் உட்கார்ந்து கையால் உடைப்பதற்குக் காரணம் இதுதான். இந்த இரண்டில் எதற்கு என்று முடிவு செய்யாமல் உருளையின் வேகத்தையோ சல்லடையின் இடைவெளியையோ தீர்மானிக்கவே முடியாது. பெரும்பாலான அறிக்கைகள் "விவசாயிகளுக்குப் பயன்படும்" என்ற ஒரு வரியோடு இந்த இடத்தைத் தாண்டிப் போகின்றன. எந்த விவசாயிக்கு என்று எழுதிய பேட்ச், பாதி வடிவமைப்பை அப்போதே முடித்துவிடுகிறது.

அடுத்த வேலை அளப்பது. கொத்துக் கடலைக்கும் கொடிக் கடலைக்கும் காயின் பருமன் வேறு, டி.எம்.வி. 7, வி.ஆர்.ஐ. 2 போன்ற ரகங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. தேர்ந்த ரகத்தில் 100 காயையும் அதிலிருந்து எடுத்த பருப்பையும் வெர்னியரால் அளந்து அட்டவணை போட ஒரு மாலை போதும். சல்லடையின் துளை பருப்பை விட வேண்டும், காயைத் தடுக்க வேண்டும். உருளைக்கும் சல்லடைக்கும் நடுவிலுள்ள இடைவெளி காயை நெரிக்க வேண்டும், பருப்பை நெரிக்கக் கூடாது. இந்த இரு எண்களும் அந்த அட்டவணையிலிருந்துதான் வர வேண்டும். ஈரமான காய் நசுங்கும், உடையாது. காய்ந்து கருகிய காயில் பருப்பு பிளக்கும். ஆகவே ஈரப்பதத்தையும் குறித்துக்கொள்ளாத அளவு அரை அளவுதான்.

இனி ஷாஃப்ட். மாணவரின் கணக்கும் பட்டறையின் வெல்டிங்கும் பிரியும் இடம் பெரும்பாலும் இதுவே என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

ஒரு குதிரைத்திறன் மோட்டார், அதாவது 746 வாட், நிமிடத்துக்கு 1440 சுற்று என்று கொள்ளலாம். மோட்டாரில் 75 மி.மீ. புல்லி, உருளை ஷாஃப்ட்டில் 300 மி.மீ. புல்லி வைத்தால் உருளை 360 சுற்றுக்கு இறங்கும். அப்போது ஷாஃப்ட் தாங்க வேண்டிய முறுக்கு ஏறத்தாழ 19.8 நியூட்டன் மீட்டர். கீவே வெட்டிய ஷாஃப்ட்டுக்குப் பாடநூல்கள் அனுமதிக்கும் வெட்டுத் தகைவு 42 மெகாபாஸ்கல். முறுக்கை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 13.4 மி.மீ. விட்டம் போதும் என்று வரும். பல அறிக்கைகள் இத்தோடு நின்று, "பாதுகாப்புக்காக 20 மி.மீ. எடுக்கப்பட்டது" என்று முடித்துக்கொள்கின்றன.

ஆனால் பெல்ட் ஷாஃப்ட்டைச் சுழற்றுவதோடு பக்கவாட்டில் இழுக்கவும் செய்கிறது. 300 மி.மீ. புல்லியின் விளிம்பில் நிகர விசை 132 நியூட்டன். இழுபக்கமும் தளர்பக்கமும் சேர்ந்த மொத்த இழுப்பு அதைப் போல் இரு மடங்கு என்று கொண்டால் 264 நியூட்டன். புல்லி பேரிங்கிலிருந்து 100 மி.மீ. வெளியே நிற்பதாக ட்ராயிங் சொன்னால், பேரிங் அருகே வளைவுத் திருப்பம் 26.4 நியூட்டன் மீட்டர். சுழலும் ஷாஃப்ட்டுக்கு வளைவை 1.5 மடங்காக்கி முறுக்கோடு சேர்த்தால் தேவைப்படும் விட்டம் 17.5 மி.மீ. ஆகிறது. 20 மி.மீ. இப்போதும் போதும். ஆனால் அது கையிருப்பாக வைத்த பெரும் பாதுகாப்பு இல்லை, தேவையை ஒட்டி நிற்கும் அளவு என்பது தெரிகிறது.

பட்டறையில் நடப்பது இதற்குப் பிறகு. சட்டத்தின் ஆங்கிள் குறுக்கே வருகிறது, அல்லது மோட்டார் அடித்தட்டின் துளை சேரவில்லை. ஃபிட்டர் புல்லியை இன்னும் வெளியே தள்ளிப் பூட்டுகிறார். வெளித்தொங்கல் 180 மி.மீ. ஆகிறது. வளைவுத் திருப்பம் 47.5 நியூட்டன் மீட்டருக்கு ஏறுகிறது. தேவையான விட்டம் 20.8 மி.மீ. பெல்ட் கீழ்நோக்கி இழுக்கும் அமைப்பானால் வார்ப்பிரும்புப் புல்லியின் எடையும் இதோடு சேரும். 80 மி.மீ. நகர்த்தலில் சரியான ஷாஃப்ட் தவறான ஷாஃப்ட்டாகிவிட்டது. ஃபிட்டர் மீது குற்றமில்லை. அவருக்கு அந்தக் கணக்கு தெரிய வழியில்லை. அங்கே நிற்க வேண்டியவர் மாணவர். நகர்த்தும் முன் ஒரு தாளில் மூன்று வரி போட்டுப் பார்த்திருந்தால், சட்டத்தில் ஒரு துண்டை வெட்டி எடுப்பதே மலிவு என்று தெரிந்திருக்கும்.

20.8-க்கும் 20-க்கும் உள்ள இடைவெளியில் ஷாஃப்ட் அன்றே உடையாது. வைவா அன்று இயந்திரம் ஐந்து நிமிடம் ஓடும். அது 1,800 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட்டின் மேற்பரப்பு ஒரு முறை இழுபட்டு ஒரு முறை அமுங்குகிறது. நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் ஆறே நாளில் 10 லட்சம் சுற்று ஆகிவிடும். எஃகின் களைப்பு பேசத் தொடங்குவது அந்த எண்ணிக்கைகளில்தான். களைப்பு என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு: 1842 மே 8 அன்று பிரான்சின் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டே பொறியாளர் ராங்கின் அச்சு முறிவுகளைப் பற்றி எழுதினார். பிரஷ்ய ரயில்வேயில் பணியாற்றிய வோலர் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழற்றிச் சோதித்து, ஒரே முறை ஏற்றினால் தாங்கும் சுமையை லட்சக்கணக்கான முறை ஏற்றினால் இரும்பு தாங்காது என்பதை எண்களால் காட்டினார். இன்று மாணவர் தேர்வுக்கு வரையும் எஸ்-என் வளைகோடு அங்கிருந்து வந்தது.

களைப்பு விரிசல் ஷாஃப்ட்டின் விட்டம் சட்டென மாறும் படியின் மூலையில் தொடங்குவது வழக்கம். ட்ராயிங்கில் அந்த மூலைக்கு ஆரம் எழுதாவிட்டால் லேத்காரர் கூர்மையாகத்தான் விடுவார். எழுதுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 20 மி.மீ. ஷாஃப்ட்டுக்கான 6204 பேரிங்கின் உள்வளைய மூலை ஆரம் குறைந்தது 1 மி.மீ. அளவில் இருக்கும். படியின் ஆரம் அதைவிடப் பெரிதானால் பேரிங் படியில் ஒட்டி உட்காராது. ஆக ஆரம் வேண்டும், 1 மி.மீ.க்குக் குறைவாகவும் வேண்டும்.

பேரிங் விஷயத்தில் கடைத்தெருவைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. 6204-ஐ அழுத்திப் பொருத்த ஷாஃப்ட் 20 மி.மீ.க்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவு கூடுதலாக இருக்க வேண்டும். அதற்குக் கிரைண்டிங் தேவை. கடையில் கிடைக்கும் பிரைட் ராடு பொதுவாக 20-க்குச் சற்றுக் குறைவாகவே வரும். அதில் 6204-ஐ மாட்டினால் உள்வளையம் வழுக்கிச் சுழன்று ஷாஃப்ட்டைத் தின்னும். கிரப் ஸ்க்ரூவால் பிடிக்கும் யு.சி.பி. 204 பெடஸ்டல் பேரிங் இந்த வேகத்துக்கும் இந்த ராடுக்கும் ஒத்துப்போகும். அறிக்கையில் சி45 எஃகு என்று எழுதிவிட்டு மைல்டு ஸ்டீல் ராடு வாங்கி வருவதும் அடிக்கடி நடக்கிறது. பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புத்தகத்தில் இரண்டின் வலிமையும் அச்சாகியிருக்கிறது. வாங்கியது எதுவோ அதன் எண்ணைத்தான் கணக்கில் போட வேண்டும்.

கணினிப் பகுப்பாய்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சிவப்பும் நீலமுமான படம் கணக்குக்கு மாற்றாகாது. படத்தை நம்பும் முன் தாங்கிகளில் வரும் எதிர்விசைகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அவை ஏற்றிய சுமைக்குச் சமமாக இல்லையென்றால் மாதிரியில் பிழை. கூர்மையான உள்மூலையில் மெஷ்ஷை நுணுக்கமாக்க ஆக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகும். அந்த எண்ணுக்குப் பொருளில்லை. கையால் போட்ட விடையும் படத்தின் விடையும் அருகருகே வரும் இடம் ஒன்றையாவது அறிக்கை காட்ட வேண்டும்.

பெல்ட்டுக்குக் காப்பு மூடி போடுவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது மிகப் பெரிய தவறு. இந்த இயந்திரத்தின் அருகே நிற்கப்போவது சேலை கட்டிய பெண்கள். முந்தானையோ துப்பட்டாவோ பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் சிக்கினால் சுவிட்சை அணைக்க நேரம் இருக்காது. காப்பு மூடி முதல் ட்ராயிங்கிலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு இடம் விட்டுத்தான் புல்லியின் இடமே தீர்மானமாகிறது. காய் கொட்டும் வாயின் ஆழமும் அப்படியே: நீட்டிய கை உருளையைத் தொடக் கூடாது. அடைத்துக்கொண்ட காயைக் கையால் தள்ளுவது மனித இயல்பு. அதைத் தடுக்க வேண்டியது வடிவமைப்பின் பொறுப்பு. எச்சரிக்கைப் பலகையால் ஆகாது.

சோதனைக்கு மூன்று வாரமாவது ஒதுக்காத திட்டம் முடிந்த திட்டமாகாது. ஐந்து கிலோ காயைப் போட்டு, வந்ததை உடையாத காய், முழுப் பருப்பு, பிளந்த பருப்பு, தொலி என்று பிரித்துத் தனித்தனியே நிறுக்க வேண்டும். நான்கையும் கூட்டினால் ஐந்து கிலோவை ஒட்டி வர வேண்டும். 4.6 கிலோதான் வருகிறது என்றால் அந்த 400 கிராம் எங்கே போனது என்று தேட வேண்டும். தொலியை ஊதும் விசிறி பருப்பையும் சேர்த்து வெளியே தள்ளியிருக்கலாம். ஒரே இடைவெளியில் மூன்று முறை, பிறகு இடைவெளியை மாற்றி மூன்று முறை. விதைக்கான இயந்திரம் என்று சொன்ன பேட்ச் இன்னும் ஒன்று செய்யலாம்: அதே மூட்டையிலிருந்து கையால் உடைத்த 100 பருப்பையும் இயந்திரம் உடைத்த 100 பருப்பையும் ஈரச் சாக்கில் தனித்தனியே வைத்துப் பத்து நாளில் முளைத்தவற்றை எண்ணுவது. இதற்குச் செலவு அநேகமாக ஒன்றுமில்லை. அறிக்கையிலுள்ள எந்தப் படத்தையும்விட அந்த இரண்டு எண்கள் இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்லும். எண் மோசமாக வந்தாலும் அப்படியே எழுத வேண்டும். 30 சதவீதம் பிளந்தது என்று எழுதி, உருளை வேகம் அதிகம் என்பது காரணமாக இருக்கலாம், 270 சுற்றில் சோதிக்க வேண்டும் என்று தொடரும் அறிக்கை, அடுத்த ஆண்டு அதே தலைப்பை எடுக்கும் பேட்ச்சுக்கு நேரடியாகப் பயன்படும்.

ஆகவே அறிக்கையில் ட்ராயிங்குக்கும் செய்த பொருளுக்கும் நடுவே ஏற்பட்ட மாற்றங்களுக்கென்று ஓர் அட்டவணை வேண்டும்: எது மாறியது, எந்தத் தேதியில், எதனால், கணக்கு மறுபடி போடப்பட்டதா. பேட்ச்சில் ஒருவர் இந்தக் குறிப்பேட்டைப் பட்டறைக்குத் தினமும் எடுத்துப் போக வேண்டும். பிறகு நினைவிலிருந்து எழுதினால் அது நடந்ததாக இராது. வைவாவில் தேர்வாளர் இயந்திரத்தைச் சுற்றி வந்து, ஷாஃப்ட்டைத் தொட்டு, ஏன் 20 மி.மீ. என்று கேட்பது வழக்கம். "ஸ்டாண்டர்டு சைஸ் சார்" என்று சொல்பவருக்கு அடுத்த கேள்வி உடனே வரும். 100 மி.மீ. தொங்கலுக்கு 17.5 வந்தது, பட்டறையில் 180 ஆனபோது 20.8 வந்தது, அதனால் சட்டத்தின் ஆங்கிளை வெட்டிப் புல்லியை மறுபடி உள்ளே கொண்டுவந்தோம் என்று சொல்லி, வெட்டிய தழும்பைக் காட்டும் மாணவரிடம் தேர்வாளர் ஷாஃப்ட்டைப் பற்றி மேலும் கேட்க மாட்டார், சல்லடைக்குப் போய்விடுவார்.