வெக்கை தணிக்கும் வகுப்பறை

கேள்வி: எங்கள் பாடசாலைக்குப் புதிய கட்டடம் வரவிருக்கிறது. மின்விசிறியை நம்பாமல் வெக்கையைத் தணிக்க முடியுமா?
– வாசகர், ஈச்சிலம்பற்று

பதில்: முடியும். ஆபிரிக்காவின் புர்கினா பாசோவில், கூடுகு நகரின் இடைநிலைப் பாடசாலையைக் கட்டடக்கலைஞர் பிரான்சிஸ் கெரே செம்புரைக்கல்லால் அமைத்தார். 2016இல் கட்டி முடிந்த அதன் காற்றுக் கோபுரங்கள் அறையின் சூட்டை மேலே வெளியேற்றுகின்றன.

உங்கள் மண்ணுக்கு ஏற்ற வழி இது: கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீட்டுங்கள். வடக்கிலும் தெற்கிலும் பெரிய யன்னல்கள் வைத்தால் காற்று ஊடே ஓடும். காலை, மாலை வெயில் உள்ளே அடிக்காது. கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே காற்றோட இடைவெளி விடுங்கள். மாரிச் சாரலை அகன்ற விறாந்தை தடுக்கும். வெருகல் ஆற்று வெள்ளத்துக்காக அத்திவாரத்தை உயர்த்துங்கள். கிழக்கைச் சிதைத்த 1978 சூறாவளியை எண்ணிக் கூரையை இறுகப் பிணையுங்கள். வரைபடம் முடிவாகுமுன்பே பெற்றோர் கூடி இவற்றைக் கேளுங்கள்.