பால்கோவாவும் மாம்பழமும் தபாலில் அனுப்பும் முறை

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவையும் இராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழத்தையும் அறியாதவர் தென்ஜில்லாக்களில் மிகச் சிலரே. ஆண்டாள் சந்நிதிக்கு வரும் யாத்திரிகர் திரும்புங்கால் ஒரு பொட்டலம் கோவா வாங்கிச் செல்வது வழக்கம். மேற்கு மலையடிவாரத் தோப்புக்காரர்கள் சித்திரை, வைகாசி மாதங்களில் வெளியூர் உறவினருக்கு மாம்பழம் அனுப்புவதும் வழக்கமே. முன்னாளில் சரக்கைத் தேடி மனிதர் வந்தனர். இப்பொழுதோ சென்னையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் இருப்போர் கைப்பேசி வழியே பணம் செலுத்திவிட்டு, சரக்குத் தம் வாயிற்படிக்கு வருமாறு எதிர்பார்க்கின்றனர். இவ்வியாபாரம் வளர்வது நன்றே. ஆயினும் இதன் லாபம் பால் கறப்பவருக்கும் தோப்புக்காரருக்கும் சேருமா, இடையிலுள்ளாரோடு நின்றுவிடுமா என்பது, அனுப்புகிறவர் கைக்கொள்ளும் முறையைப் பொறுத்தது. ஆதலின் அம்முறையைச் சற்று விரிவாக ஈண்டு எழுதுகிறோம்.

தூரத்திலிருந்து தின்பண்டம் தருவித்தல் புதிய சங்கதியன்று. சரக்கைக் கொடுத்துவிட்டு அதன் கிரயத்தைத் தபால்காரரே வசூலித்து அனுப்பும் வி.பி.பி. முறை நம் தேசத்தில் 1877-இலேயே ஏற்பட்டது. விருதுநகரிலிருந்து தென்காசிக்கு 1927-இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் இரண்டிற்கும் ரயில் வசதி உண்டாயிற்று. அமெரிக்காவில் 1913-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி பார்சல் தபால் தொடங்கியது. அடுத்த ஆண்டே வெண்ணெய், முட்டை முதலியவற்றை விற்கும் குடியானவர்களின் பெயர்களைத் தபால் நிலையத்தாரே ஜாபிதாவாக நகரத்தாருக்குக் கொடுத்தனர். ஜப்பானில் 1976-இல் ஒரு கம்பெனியார் வீட்டுக்கு வீடு சிறு பார்சல் கொண்டு சேர்க்கும் ஏற்பாட்டைத் தொடங்கி, 1988-இல் குளிர்ப்பெட்டி வண்டிகளையும் சேர்த்தனர். கெட்டுப்போகும் பண்டங்கள் தூரம் செல்லக் குளிர் வசதி அங்கு உதவிற்று என்பது கவனிக்கற்பாலது. நமக்கு அவ்வசதி இன்னும் எங்கும் பரவவில்லை. ஆதலால் குளிர் செய்ய வேண்டிய வேலையை நாம் சுத்தத்தாலும் வேகத்தாலும் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பாலின் கணக்கு

கோவாவின் விலையைப் பற்றி வாங்குவோரும் விற்போரும் ஓயாது தர்க்கிப்பர். கணக்கிட்டுப் பார்ப்பின் தர்க்கத்திற்கு இடமில்லை. பத்து லிட்டர் பசும்பாலில் நீர் நீங்கிய சத்து ஏறக்குறைய 1¼ கிலோ இருக்கும். அதனுடன் 1¼ கிலோ சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி, நூற்றுக்கு 23 முதல் 25 பங்கு ஈரம் நிற்கும் பதத்தில் இறக்கினால், சுமார் 3¼ கிலோ கோவா கிடைக்கும். இதற்கு மேல் காண்பவர் ஈரத்தை அதிகம் விட்டவராயிருத்தல் வேண்டும். அன்றேல் வேறு பொருள் சேர்த்தவராயிருத்தல் வேண்டும். ஆவின் நிறுவனம் 2023 டிசம்பரில் ஊக்கத்தொகை உட்படப் பசும்பாலுக்கு லிட்டர் 38 ரூபாய் அளித்தது. அவ்விலையில் பால் 380 ரூபாயும், சர்க்கரை உத்தேசமாக 50 ரூபாயும் ஆக 430 ரூபாய். அதாவது கிலோவொன்றுக்கு மூலப்பொருள் மட்டும் 132 ரூபாய். விறகு, கூலி, வாடகை, பெட்டி, தபால் செலவு யாவும் இதற்கு மேற்பட்டவை. ஆகையால் இதற்கு நெருங்கிய விலையில் 'அசல் ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று எழுதி விற்கப்படும் சரக்கு எப்பாலிலிருந்து வந்ததென்று விசாரிக்க எவருக்கும் உரிமையுண்டு.

இது வீண் சந்தேகமன்று. பால்பொடியும் மாவும் கலந்த சரக்கு ஒரு பொட்டலம் வெளியூரில் விலைபோகுந்தோறும், இவ்வூர்ச் சங்கத்தில் ஊற்றவேண்டிய பாலில் சில லிட்டர் தேவையற்றதாகின்றது. நஷ்டம் முதலில் மாட்டுக்காரருக்கே. மாவு கலப்பைக் கண்டறியும் சோதனை எளிது: சிறிது கோவாவை நீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறியபின் டிங்சர் அயோடின் இரண்டு மூன்று துளி விட்டால், மாவு இருப்பின் நீலநிறம் தோன்றும். சூடு ஆறுமுன் விட்டால் நிறம் தோன்றாமலும் போகலாம். ஆயின் பால்பொடியை இச்சோதனை காட்டாது. அதற்கு ரசாயனசாலையே கதி.

காய்ச்சுதலும் கட்டுதலும்

கெட்டுப்போன பார்சல்களில் பெரும்பாலானவற்றிற்குக் காரணம் வழியில் நேர்ந்த தாமதமன்று, அனுப்பும் இடத்தில் நேர்ந்த அவசரமே என்பது நம் அபிப்பிராயம். சூடான கோவாவை டப்பாவிலிட்டு மூடினால் ஆவி மூடியின் உட்புறத்தில் நீர்த்துளியாகப் படிந்து மீண்டும் கோவாவின் மேல் சொட்டும். அவ்விடத்தில் சர்க்கரையின் செறிவு குறைகிறது. பூசணம் முதலில் அங்கேதான் பிடிக்கும். ஆதலின் இறக்கிய கோவாவைச் சுத்தமான அகன்ற தட்டங்களில் மெல்லியதாகப் பரப்பி, ஈக்கள் அண்டாமல் வலை மூடி, முற்றும் ஆறியபின்னரே கட்டுதல் வேண்டும். இரவு காய்ச்சி அதிகாலையில் கட்டுவது உத்தமம். கிளறிய கரண்டியையே கழுவாது கட்டும் வேலைக்கும் உபயோகித்தல் கூடாது. கையால் அள்ளுவது அறவே விலக்கத்தக்கது. கைப்புண்ணிலும் மூக்கிலும் வாழும் கிருமிகள் பாற்பண்டத்தில் பெருகி வாந்தியும் பேதியும் உண்டாக்கும். அக்கிருமிகள் விட்ட விஷம் மறுபடி சூடாக்கினாலும் நீங்குவதில்லை.

வெண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத உறையிலிட்டு, அதன்மேல் கெட்டியான அட்டைப் பெட்டியில் அசையாமல் வைக்க வேண்டும். பனையோலைப் பெட்டி கண்ணுக்கு அழகே. கோயில் வீதியில் வாங்கி அன்றே வீடு செல்பவருக்கு அது போதும். நான்கு நாள் பயணத்திற்கு அதனை மட்டும் நம்புதல் தகாது. வேண்டுவோர் உறையிட்ட கோவாவை ஓலைப்பெட்டியில் வைத்து, அதனை அட்டைப் பெட்டியினுள் அனுப்பலாம்.

குளிரில் வையாத பால்கோவா ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தாங்கும்; கோடையில் இதனினும் குறையும். உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கும் எந்நாள் வரை உண்ணத்தக்கது என்று காட்டவேண்டுமென 2020 அக்டோபர் முதல் தேதியிலிருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. இணையவழி விற்பவர் பொருளை ஒப்படைக்கும்போது அதன் ஆயுளில் நூற்றுக்கு 30 பங்கேனும், அன்றேல் 45 நாளேனும் மிச்சமிருத்தல் வேண்டுமென 2024-இல் அறிவுறுத்தியது. நம் கோவாவுக்கு 45 நாள் என்பது பேச்சிற்கே இடமில்லை. பத்து நாள் ஆயுளுள்ள சரக்கு ஏழு நாளுக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். காய்ச்சிய மறுநாள் அனுப்பினால் ஆறு நாள் உண்டு. மூன்று நாள் அலமாரியில் வைத்திருந்து அனுப்பினால் நான்கு நாளே உண்டு. ஆதலின் ஆர்டர் வந்தபின் காய்ச்சுவதே சரியான முறை. அனுப்பும் நாள் திங்கள், செவ்வாய், புதனாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை அனுப்பும் பார்சல் ஞாயிற்றுக்கிழமையை ஏதேனும் ஒரு கிடங்கின் வெப்பத்திலேயே கழிக்கும்.

பணத்தை முன்னதாகவே பெற்றுக்கொள்க. பொருள் சேர்ந்தபின் பணம் என்னும் முறை புடைவைக்கும் பாத்திரத்திற்கும் பொருந்தும். வாங்குவோர் மறுத்தால் புடைவை திரும்பி வந்து மீண்டும் விலைபோகும். கோவா திரும்பி வந்தால் குப்பைக்குத்தான். பழைய வி.பி.பி. காலத்திலும் வியாபாரிகள் பட்ட இடர் இதுவே.

பார்சலின் எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூரியர்க்காரர் தராசு காட்டும் எடையோடு பெட்டி அடைக்கும் இடத்தையும் கணக்கிடுவர். நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் கிலோ, உண்மை எடையைவிட மிகுந்தால் அதற்கே கூலி என்பது பொதுவான வழக்கம். 30, 25, 20 அளவுள்ள பெட்டிக்கு 15,000-ஐ 5000-ஆல் வகுக்க 3 கிலோ. அதில் ஒரு கிலோ கோவாவை வைத்து அனுப்புகிறவர் இரண்டு கிலோ காற்றுக்குக் கூலி கொடுக்கிறார். அரைக்கிலோ, ஒரு கிலோ, இரண்டு கிலோ என மூன்று அளவில் பொருத்தமான பெட்டிகளை மொத்தமாகச் செய்து வைத்துக்கொள்வது லாபகரம்.

மாம்பழம்

மாம்பழம் உயிருள்ள பொருள், பறித்தபின்னும் மூச்சுவிடும். ஆகவே கோவாவுக்குக் காற்றுப் புகலாகாது, மாம்பழத்திற்குக் காற்றின்றி முடியாது. பெட்டியின் பக்கங்களில் துளைகள் இருத்தல் அவசியம். பெயருக்கேற்பத் தட்டையான சப்பட்டையும், பஞ்சவர்ணமும் வெளியூரில் மதிப்புப் பெற்றவை. பழுத்த பழத்தை அனுப்புதல் கூடாது. முற்றிய காயையே அனுப்ப வேண்டும். காம்புப் பக்கத்துத் தோள் உயர்ந்து, நீரிலிட்டால் அமிழும் காய் முற்றியது. மிதப்பதைத் தோப்பிலேயே ஊறுகாய்க்கு ஒதுக்குக. தடியால் அடித்து வீழ்த்தாமல் வலைகட்டிய துறட்டியால் விரல்நீளக் காம்போடு பறித்து, பின் காம்பைக் கிள்ளி, தலைகீழாக வைத்துப் பால் வடியவிட வேண்டும். பால் பட்ட தோல் கறுக்கும்; வாங்குவோர் அதனை அழுகல் என்றே கொள்வர். 52 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் ஐந்து நிமிஷம் அமிழ்த்தி எடுத்து நிழலில் உலர்த்துவது கரும்புள்ளி நோயைத் தணிக்கும். வெப்பமானியின்றிக் கைத்திட்டத்தில் இதைச் செய்வது ஆபத்து; சூடு மிகுந்தால் காய் வெந்துவிடும். வைக்கோலைவிடக் காகிதச் சுருள் நல்லது. ஈர வைக்கோல் பூசணத்திற்கு வீடு.

கார்பைட் கல்லால் பழுக்கவைத்தல் சட்டவிரோதம்; 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே தடுக்கப்பட்டுள்ளது. முற்றிய காய்க்கு அதன் தேவையுமில்லை. பெட்டியினுள் தமிழில் ஒரு துண்டுச் சீட்டு வைத்து, 'மூன்று நாள் அறையில் வைத்துப் பழுத்தபின் உண்க. பழுக்குமுன் குளிர்ப்பெட்டியில் வைக்கற்க' என்றெழுதினால், வரும் புகார்களில் பாதி குறையும். சீட்டில் பறித்த தேதியும் இருக்கட்டும்.

பெயரின் உரிமை

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்தது. அவ்வாண்டிலேயே பழனிப் பஞ்சாமிர்தமும், 2020-இல் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் அவ்வுரிமை பெற்றன. இதனால் யாவரும் தாமே பாதுகாக்கப்பட்டுவிட்டதாக நினைப்பது தவறு. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெயர் பதிவாவது வேறு. அப்பெயரை உபயோகிக்கும் அதிகாரம் பெற்றவராக உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் பதிவு செய்துகொள்வது வேறு. இப்பதிவுக்கான விண்ணப்பக் கட்டணம் 2020-இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பொய்யாக இப்பெயரிட்டு விற்பவருக்கு ஆறு மாதத்திற்குக் குறையாது மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லக்ஷம் ரூபாய் வரை அபராதமும் அச்சட்டத்தில் உண்டு. ஆனால் பதிவு செய்யாதவர் பிறர் மீது வழக்குத் தொடுக்கும் நிலையில் இரார். இராஜபாளையத்து மாம்பழத் தோப்புக்காரர்கள், தங்கள் பழத்திற்கும் இத்தகைய உரிமை தேடுவது குறித்துச் சங்கமாகக் கூடி யோசிக்கலாம். தனித்தனியே முயல்வதில் பயனில்லை. விண்ணப்பம் உற்பத்தியாளர் கூட்டத்தின் பேராலேயே செல்லவேண்டும்.

இவ்விஷயத்தில் கிராம நிர்வாக அலுவலரும் பால் சங்கக் காரியதரிசியும் செய்யக்கூடிய உதவி பெரிது. எந்தக் கிராமத்தில் எத்தனை கறவை மாடு, எத்தனை லிட்டர் பால், எத்தனை ஏக்கர் எந்த ஜாதி மாமரம் என்னும் கணக்கு சரியாக இருந்தால், அவ்வூர்ச் சரக்கென்று நிரூபிப்பது எளிது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து கோவா காய்ச்ச விரும்பினால், முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவோ உரிமமோ பெறச் செய்க. அந்த எண் இன்றி எந்த இணையவழி வியாபார நிலையமும் சரக்கை ஏற்பதில்லை. பின்னர் ஒவ்வொரு பார்சலுக்கும் காய்ச்சிய தேதி, பால் வந்த வீடு, அனுப்பிய நாள், சேர்ந்த நாள் ஆகிய நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவரச் சொல்லுக. ஓராண்டு எழுதினால் எந்த ஊருக்கு எத்தனை நாள் ஆகின்றது, எந்த மாதத்தில் எங்கே அனுப்புதல் ஆகாது என்பது அந்நோட்டிலிருந்தே விளங்கும். பங்குனி முதல் ஆனி வரை ஐந்து நாளுக்கு மேற்பட்ட தூரத்திற்குக் கோவா அனுப்புவதை அந்நோட்டு தரும் விவரம் கிடைக்கும் வரை நிறுத்தி வைப்பது நலம்.